பையில் வந்த வெள்ளை பல்ப்

“கார்த்திகை, ஞாயிறு. ராகு காலம் கழிந்து வந்தார்கள். கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி. பல்பை மாற்றினார்கள். போகும்போது பல்பை எடுத்துக்கொண்டு போனார்கள்.”

தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. ஆண்டு 2018. எங்கள் வீட்டுக்குள் எது எப்போது வந்தது, எது எப்போது வெளியே போனது என்று இப்படித் தாள்களில் குறித்து வைப்பது என் பழக்கம். தரைவழித் தொலைபேசியை எடுத்துக்கொண்டு போன நாள், தெருவிளக்கு வெள்ளையாக மாறிய நாள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. “உனக்கு மட்டும் ஒரு கெஜட் ஆபீஸ் வெச்சிக் குடுத்துடலாம்” என்று என் கணவர் கேலி செய்வார்.

குண்டு பல்பை இந்த நாட்டில் யாராவது சட்டம் போட்டுத் தடை செய்தார்களா என்று நான் நிறையத் தேடினேன். வேறு நாடுகளில் செய்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு உத்தரவு என் கண்ணில் படவில்லை. மலிவு விலைக்கு எல்இடி கொடுத்தார்கள், கரண்ட் பில் குறைந்தது, ஜனங்கள் மாறிவிட்டார்கள், கடைக்காரர்கள் குண்டு பல்பைத் தருவிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆம்பூரில் எங்கள் தெருவில் முதலில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டுக் கூடத்தில் வெள்ளை பல்பை மாட்டிய அன்று அவர் மனைவி வாசலுக்கு வந்து, “பொணம் வெச்சிருக்கிற வூடு மாதிரி இருக்குது” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அடுத்த பில் வந்ததும் அதே அம்மா வீடு வீடாகப் போய் எல்இடியின் பெருமையைப் பேசினார். பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாறாதவர் என் மாமியார் ஒருவர்தான். அவருடைய காரணம் பில்லும் அல்ல, கண்கூச்சமும் அல்ல. என் நாத்தனார்.

என் நாத்தனாருக்கு அப்போது இருபத்தேழு வயது. பள்ளி முடித்த கையோடு ஷூ கம்பெனியில் சேர்ந்தவள். பேஸ்டிங் பிரிவு. தோல் துண்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. பிரஷ் கொடுத்திருந்தார்கள், ஆனால் பிரஷ்ஷைப் பிடித்தால் அன்றைய டார்கெட் முடியாது என்பதால் எல்லாப் பெண்களும் விரலால்தான் தடவினார்கள். சில வருடங்களில் அவள் வலது கை விரல்களின் மேல்புறம் பயறு பயறாக வெளுத்தது. பிறகு இடது கை, பிறகு மணிக்கட்டு. மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டர், “சொல்யூஷன் படாத வேலைக்கு மாறிக்கோம்மா. இது பரவுற நோய் இல்ல, யாருக்கும் தொத்தாது” என்று சொன்னார். நான்தான் கூடப் போயிருந்தேன். அவள் பேக்கிங் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். வெளுப்பு அதற்கு மேல் வளரவில்லை. போகவும் இல்லை.

நாற்பது வாட் குண்டு பல்புக்குக் கீழே அந்த வெளுப்பு பாதிதான் தெரியும். இதை என் மாமியார் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார். வெள்ளை பல்பை மாட்டிய அன்று மகள் சாதம் பரிமாற வந்தாள். மாமியார் தட்டைப் பார்க்காமல் அவள் கையையே பார்த்தார். அன்றே என் கணவரைக் கூப்பிட்டு, “இத்தக் கழட்டு. பழசையே மாட்டு” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்படியில் எல்இடி, படுக்கும் அறையில் எல்இடி, பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் கூடத்தில் மட்டும் குண்டு பல்ப்.

பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொல்வார். கம்பெனிக்காரர்களுக்கு விடுமுறை என்பது வெளியே சொல்லும் காரணம். ஞாயிறு மாலை ராகு காலம் ஆறு மணிக்குத்தான் முடியும். யாரும் அதற்கு முன் வாசற்படி ஏற மாட்டார்கள். கார்த்திகை மாதத்தில் அதற்குள் இருட்டிவிடும். பஞ்சாங்கத்தை என் மாமியார் அளவுக்குப் பயன்படுத்திக்கொண்ட வேறு ஒருவரை நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் குண்டு பல்ப் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. பஜாரில் ஒரே ஒரு எலெக்ட்ரிக் கடையில் வைத்திருந்தார்கள். மாமியார், நாத்தனார், நான் மூவரும் போனோம்.

“வாங்கம்மா,” என்றார் கடைக்காரர். “உங்களுக்கும் கறிக்கடை பாய்க்கும்தான் இந்த சரக்கு வர வெக்கிறேன். வேற ஒருத்தரும் கேக்கறதில்ல.”

“கறிக்கடைக்கு எதுக்கு இது?” என்று மாமியார் கேட்டார்.

“வெள்ள லைட்ல கறி வெளுத்துப்போய்த் தெரியுதாம். நேத்து வெட்டினதான்னு கேக்கறாங்களாம். மஞ்ச பல்ப் போட்டா நேத்தைய கறியும் செவசெவன்னு இருக்கும்ல?” சொல்லிவிட்டு அவர் நாத்தனாரின் கையைப் பார்த்தார். அவள் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொள்ளவில்லை. “உங்க வூட்லயும் அதுக்குத்தானே?”

மாமியார் சிரித்தார். விலை குறைப்பார் என்று நினைத்துச் சிரித்திருக்க வேண்டும்.

“ஆமாண்ணா,” என்றாள் நாத்தனார். “ஆனா பாய்க்கு மத்தியானத்துக்குள்ள எல்லாம் வித்துப்போயிடுது. என்னை மூணு வருஷமா தொங்க வுட்டிருக்காங்க.”

கடைக்காரர் பல்பைச் சோதித்துக் காட்டும் பலகையில் வைத்து எரியவிட்டார். “இதான் கடைசி. இனிமே கம்பெனியே அனுப்ப மாட்டேன்றான். பத்திரமா வெச்சிக்கோங்க.”

இந்த முறை வருகிறவர்கள் ஆற்காட்டுக்காரர்கள். பையன் வங்கியில் வேலை. இதற்கு முன் வந்தவர்களில் யாரும் வங்கி இல்லை. அதனால் மாமியார் பல்பை மட்டும் நம்பவில்லை. முந்தைய நாள் மருதாணி அரைத்து, வெளுப்பு இருக்கிற இடங்களில் மட்டும் தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தார். வெளுத்த தோலில் மருதாணி நன்றாகப் பிடித்தது. கழுவியதும் என்னை மாப்பிள்ளை உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தார். நாத்தனார் காபித் தட்டோடு வந்து என் முன் குனிந்தாள்.

“தெரியுதா?” என்றார் மாமியார்.

மஞ்சள் வெளிச்சத்தில் மருதாணியும் அவள் நிறமும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தன. தெரியவில்லை என்றேன். அது உண்மை.

“பாத்தியா?” என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார்.

நாத்தனார் தட்டைக் கீழே வைத்தாள். “கல்யாணம் ஆன மறுநாள் காலைல வாசல்ல கோலம் போடணும்மா. அப்ப இன்னா பண்ணுவ? சூரியனுக்கும் மஞ்ச பல்ப் மாட்டுவியா?”

“அப்ப பாத்துக்கலாம். தாலி இன்னா பல்ப்பாடி, கழட்டிக் கழட்டி மாட்ட? ஏறிட்டா ஏறினதுதான்.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்கட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் பிரிவில் இருந்த ஒருத்திக்கும் இதே வெளுப்பு. மறைத்துத்தான் கட்டி வைத்தார்கள். இப்போது அவளுக்கு அந்த வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். “தட்ட எங்க கவுத்து வெக்கிறாங்க தெரியுமா அண்ணி? நாய்க்குச் சோறு போட்ற தட்டு பக்கத்துல. கழுவறதும் ஒரே கொழாயில. எனக்குக் கல்யாணம் ஆவலன்னாலும் பரவால்ல. அப்படி மட்டும் போய்ச் சேரக் கூடாது.”

மறுநாள் ஆறு மணி தாண்டியதும் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அம்மா, ஒரு சித்தப்பா, பெரியம்மா. கையில் அவர்கள் ஊர் இனிப்பான மக்கன் பேடா டப்பா. பெரியம்மாதான் பேசினார். பையனின் அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் தலையாட்டினார்.

உட்கார்ந்ததுமே பெரியம்மா அண்ணாந்து பார்த்தார். “இன்னாங்க, பல்ப்பு இப்படி அழுது வடியுது?”

“இந்தப் பக்கம் வோல்ட்டேஜ் கம்மிங்க” என்றார் மாமியார்.

“ஃபேன் ஜோரா சுத்துதே.”

மாமியார் கேசரித் தட்டை நகர்த்தி வைத்தார். நாத்தனார் காபியோடு வந்தாள். எல்லோருக்கும் கொடுத்தாள். பையன் நிமிர்ந்து பார்த்தான், முகம் கொஞ்சம் மலர்ந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது. பெரியம்மா காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுத் தன் கட்டைப்பையைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு எல்இடி பல்பை வெளியே எடுத்தார்.

“கோவிச்சுக்காதீங்க. நான் ராணிப்பேட்டைல தோல் கம்பெனில செக்கிங். ரொம்ப வருஷம். ஒருக்கா மஞ்ச வெளிச்சத்துல பாத்து பாஸ் பண்ணி அனுப்பிச்சு, மொத்த சரக்கும் திரும்பி வந்துச்சு. என்னை நிக்க வெச்சுக் கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி! அன்னிலருந்து வெள்ள லைட் இல்லாம நான் எதையும் பாக்கறதில்ல. தம்பி, இத்தக் கொஞ்சம் மாட்டுங்க.”

தம்பி என்றது என் கணவரை. அவர் பல்பைக் கையில் வாங்கிக்கொண்டு தன் அம்மாவைப் பார்த்தார். “அது சூடா இருக்குமே” என்றார்.

“பெரிம்மா, வுடேன்” என்றான் பையன்.

“நீ சும்மா இர்றா. நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.”

யாரும் நகரவில்லை. நாத்தனார் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஸ்விட்சை அணைத்தாள். அடுப்படி வெளிச்சத்தில் நாற்காலி மேல் ஏறி, கரித்துணியால் குண்டு பல்பைப் பிடித்துக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நான் துணியோடு அதை மடியில் வைத்துக்கொண்டேன். கணவர் கையிலிருந்த எல்இடியை வாங்கி மாட்டினாள். “போடுங்கண்ணி” என்றாள். நான் எட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

அவள் கை இன்னும் பல்பின் பக்கத்திலேயே இருந்தது. கீழே உட்கார்ந்திருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருதாணி இல்லாமல் இருந்தால் சில வெளுத்த புள்ளிகள் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். இப்போது விரல் முழுக்க ஆரஞ்சுப் பொட்டுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் மருதாணி தொடாத ஒரு வெள்ளை விளிம்பு.

“கீழ எறங்கும்மா,” என்றார் பெரியம்மா. “கையக் காட்டு.”

காட்டினாள்.

“திருப்பு. இந்தப் பக்கம்.” மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குச் சாய்த்தார். கட்டைவிரலால் ஒரு பொட்டைத் தேய்த்துப் பார்த்தார். கம்பெனியில் தோலை அப்படித்தான் பார்ப்பார்கள், சாய்த்து, தேய்த்து. “இன்னாங்க இது?”

“மருதாணிங்க” என்றார் மாமியார்.

“மருதாணிய இப்படிப் பொட்டு பொட்டாவா வெப்பாங்க? துரு புடிச்ச தகரமாட்டம் இருக்குது.”

பையனின் அப்பா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தார். “தொத்துமா?” என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

“தொத்தாது,” என்றாள் நாத்தனார். “பேஸ்டிங்ல இருந்தேன். வெளுத்துப்போச்சு. பஜ்ஜி அண்ணி போட்டது, நீங்க சாப்பிடலாம்.” பிறகு பெரியம்மாவிடம், “ஸ்டிக்கர் கொண்டாந்திருந்தா ஒட்டிக்கோங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்” என்றாள். கம்பெனியில் குறை இருக்கிற இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைத்தான் சொன்னாள்.

பெரியம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். “வாய் நல்லா இருக்குது.” மாமியார் பக்கம் திரும்பினார். “ரிஜக்ட்னு சொல்லலம்மா. செகண்ட்ஸ். ரெண்டாந்தர சரக்குக்கும் மார்க்கெட் இருக்குதில்ல? எங்க பெரிய பையன் இருக்கான். பொண்டாட்டி தவறிட்டா. ரெண்டு புள்ளைங்க. அவனுக்கு வேணா பேசலாம்.”

அவர் இதை நல்ல எண்ணத்தில் சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மாமியார் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. “அவருக்குச் சொந்த வூடுங்களா?” என்றார்.

“கூட்டிட்டு வாங்க,” என்றாள் நாத்தனார். “இந்த பல்ப்பையும் மறக்காம எடுத்துட்டு வாங்க. சட்டையக் கழட்டிட்டு இதுக்குக் கீழ அவர நிக்க வெச்சு நானும் பாக்கணும். முன்னாடி, பின்னாடி.”

பையன் சிரித்துவிட்டான். காபி புரையேறி இருமினான். அவன் அப்பா எழுந்து நின்றார். அந்தச் சிரிப்புக்காக அவனைத் திட்டுவது போல அவன் தோளில் ஒரு தட்டு தட்டி எழுப்பினார்.

பெரியம்மா கட்டைப்பையை விரித்துப் பிடித்தார். “தம்பி, பல்ப்பக் கழட்டிக் குடுத்துடுங்க. வாணியம்பாடில இன்னொரு வூடு இருக்குது.”

கணவர் கழற்றிக் கொடுத்தார். அவர்கள் ஃபோன் வெளிச்சத்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். மக்கன் பேடா டப்பா மட்டும் நாற்காலியிலேயே இருந்தது.

என் மடியில் குண்டு பல்ப் ஆறிப்போயிருந்தது. மாட்டிப் பார்த்தார் கணவர். எரியவில்லை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கம்பி அறுந்து கிணுகிணுத்தது. அதுதான் கடைசி.

இருட்டுக்குள் மாமியார் முதலில் என்னிடம்தான் வந்தார். “அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? பல்ப்ப எடுத்துக்கினு வராளே, யாரு சொன்னது? நீதானே?”

“நான் ஏன் அத்த சொல்லப் போறேன்?”

“உனக்கு இவ இந்த வூட்ட வுட்டுப் போவணும்னு எண்ணமில்ல. உங்கூடப் பேச ஆளு வேணும், வேல செய்ய ஆளு வேணும்.”   பிறகு மகளை அடுப்படிக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். புளியும் தேங்காய் நாரும் எடுத்துப் பாத்திரம் தேய்ப்பது போல அவள் விரல்களைத் தேய்த்தார். மருதாணி தேய்த்தால் போகுமா? தோல்தான் உரிந்தது. நாத்தனார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மாமியாருக்கே கை ஓய்ந்தது. “கைய ஏன்டி மேலயே வெச்சிருந்த? பல்ப்ப மாட்டினியா, எறக்கினியான்னு இருந்திருக்கக் கூடாதா? மேல தூக்கிக் காட்டிக்கினே நிக்கற” என்று அழுதார்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, டப்பாவைத் திறந்து ஒரு மக்கன் பேடாவைச் சாப்பிட்டாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். திங்கட்கிழமை ஆரஞ்சுப் புள்ளிகளும் உரிந்த தோலுமாக கம்பெனி பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஒருத்தி, “இன்னாடி, ப்ரைமர் அடிச்சி வுட்டுட்டாங்களா? பெயிண்ட் எப்போ?” என்று கேட்டாளாம். சாயந்திரம் வரும்போது கூடத்துக்கு ஒரு எல்இடி வாங்கி வந்து அவளே மாட்டினாள். அதன் தேதியும் என்னிடம் இருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து பெரிய பையன் வரவில்லை. வேறு யாரும் வரவும் மாமியார் ஏற்பாடு செய்யவில்லை. நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போது பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மாமியார், அவள் காதுபடவே, “இது செகண்ட்ஸ். எடுத்துக்கினு போறதுக்கு ஆளில்ல” என்று சொல்கிறார். பெரியம்மா சொன்ன சொல்லை அவர்தான் இன்னும் வைத்திருக்கிறார். என்னோடு சரியாகப் பேசுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு நின்றுபோனது.

யார் சொன்னார்கள் என்பதை நான் விசாரித்தேன். என் மேல் பழி இருப்பதால் மட்டுமல்ல. ஒரு குறிப்பை அரைகுறையாக விட்டுவைப்பது என்னால் முடியாத காரியம். தரகரிடம் கேட்டேன். அந்தப் பெரியம்மா எங்கே பெண் பார்க்கப் போனாலும் பல்ப் எடுத்துக்கொண்டுதான் போவார் என்று ஒருமுறை சொன்னார். இன்னொரு முறை கேட்டபோது, “அப்படியா? எனக்குத் தெரியாதே” என்றார். வாணியம்பாடியில் அன்று இரவு பெண் பார்க்க ஆற்காட்டுக்காரர்கள் வந்த வீடு ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அப்படி ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பையனின் ஜாதகத்தோடு வந்த தாளில் பெரியம்மாவின் ஃபோன் நம்பர் இருந்தது. அவர்கள் வருவதற்கு முந்திய வாரம் முழுக்க அந்தத் தாள் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல்தான் கிடந்தது.

போன வருடம் மொட்டைமாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தபோது நாத்தனாரிடம் நேராகவே கேட்டேன். “நீதான் ஃபோன் பண்ணிச் சொன்னியா?”

வெயிலில் அவள் கை விரிந்திருந்தது. வெளுப்பு நன்றாகத் தெரிந்தது.

“நீங்க எழுதி வெப்பீங்க அண்ணி,” என்றாள். “எழுதி வெக்கிறவங்ககிட்ட யாராவது சொல்வாங்களா?” சொல்லிவிட்டுத் தாம்பாளத்தை நிழலுக்கு நகர்த்தினாள்.

அந்தப் பெரியம்மாவுக்கு முன்கூட்டியே தகவல் சொன்னது என் நாத்தனார்தானா, அல்லது பல்ப் அவர் பையில் எப்போதும் இருப்பதுதானா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.